துக்க மணிக் கயிறு யார் கையில்?

2 நவம்பர் 2025, காலை 7.40 (இழையைத் தொடங்கியவர்)

நான் சொல்வது இதுதான். நம் திருநெல்வேலிப் பக்கம் மதத்தின் அதிகாரம் செத்து இருபது வருஷம் ஆகிறது. சர்ச் ஐயர் சொன்னார், ஜமாத் சொன்னது, சாமியாடி சொன்னார் என்று யாரும் இன்றைக்குப் படிப்பை மாற்றுவதில்லை, வேலையை மாற்றுவதில்லை. கோயில் கொடைக்கும் ஆலய அசன விருந்துக்கும் ஊருக்கு வருகிறோம், சாப்பிடுகிறோம், போட்டோ எடுக்கிறோம், பஸ் ஏறுகிறோம். மிச்சம் இருப்பது திருவிழா மட்டும். மறுப்பவர்கள் உண்டா?

2 நவம்பர், இரவு 10.15

நான் மறுக்கிறேன்.

என் அம்மா 2019 செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினொன்றரை மணிக்குக் கண்ணை மூடினாள். அண்ணன் வீட்டில் இருந்தாள். திசையன்விளைக்குத் தெற்கே செம்மண் தேரியை ஒட்டிய சின்ன ஊர். நூற்றுப் பத்து வீடு, ஒரு ஆலயம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு கல்லறைத் தோட்டம். நான் பாளையங்கோட்டையில் இருந்து கார் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை.

எங்கள் ஊரில் சாவை மணிதான் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை மணி ஓட்டமாக அடிக்கும். துக்க மணி அப்படி இல்லை. ஒரு அடி. அதன் ரீங்காரம் முழுசாக அடங்கின பிறகு அடுத்த அடி. ராத்திரி எந்நேரம் ஆனாலும் அடிப்பார்கள். வீடு வீடாக விளக்கு எரியும், "யாருடே?" என்று தெருவில் குரல் கேட்கும். அப்பாவுக்கு அப்படித்தான் அடித்தது. தாத்தாவுக்கு அடித்தபோது நான் பாவாடை கட்டின பிள்ளை. ஒவ்வொரு அடிக்கும் ஆச்சி நெஞ்சில் கை வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் காரை விட்டு இறங்கினால் தெரு இருட்டாகக் கிடக்கிறது.

"மணி அடிக்கலையாண்ணே?"

"நோட்டைப் பாக்கணுமாம்."

நோட்டு என்றால் சங்கக் காணிக்கை நோட்டு. ஒவ்வொரு குடும்பமும் சபைக்கு மாதாமாதம் கட்டுகிற பணம். கமிட்டித் தேர்தல் சண்டையில் கோபித்துக்கொண்டு அண்ணன் ஆறு வருஷமாகக் கட்டவில்லை. மாதம் ஐம்பது ரூபாய் வீதம் 3,600. ஆலயக் கோபுரம் புதுப்பிக்க வீட்டுக்கு வீடு போட்ட பத்தாயிரம். ஆக 13,600. அதைக் கட்டாமல் மணி இல்லை, குழி வெட்ட ஆள் இல்லை, ஐயரும் வரமாட்டார். ஐயரைப் போனில் பிடித்தேன். "கமிட்டி சரின்னு சொன்னா உடனே வாறேம்மா" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. ஆள் வரவில்லை.

விடிந்ததும் திசையன்விளை போய் ஏடிஎம்மில் எடுத்து வந்து கட்டினோம். அந்த ரசீது இன்னும் என் பீரோவில் இருக்கிறது. நீல கார்பன் நகல். "பெற்றுக்கொண்டது" என்ற இடத்தில் அம்மா பெயர், அதிலும் ஒரு எழுத்துப் பிழை. தேதி, அவள் இறந்ததற்கு மறுநாள். அதை எழுதிக் கிழித்துக் கையில் கொடுத்த பிறகு பத்து இருபதுக்கு மணி அடித்தது. ஏறக்குறைய பதினொரு மணி நேரம் என் அம்மா போனதை அந்த மணி சொல்லவில்லை.

அதிகாரம் செத்துவிட்டது என்கிறீர்கள். நான் பார்த்த அதிகாரம் ஒரு குயர் நோட்டுக்குள் இருந்தது. உனக்கு விசுவாசம் இருக்கிறதா என்று அது கேட்கவே இல்லை.

3 நவம்பர், மதியம்

ஊர் பெயர், சபை பெயர் கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். சொல்லமாட்டேன். அண்ணன் அங்கேதான் இருக்கிறான், அவன் பேரப்பிள்ளைகளுக்கு அங்கேதான் ஞானஸ்நானம்.

"பஞ்சாயத்துச் சுடுகாட்டுக்கோ மின்மயானத்துக்கோ கொண்டு போயிருக்கலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போயிருக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் ஈஸ்டர் தோறும் விடிகாலை நாலு மணிக்கு அம்மா ஒரு விளக்குமாறோடு அந்தத் தோட்டத்துக்குப் போவாள். அப்பா கல்லறையைக் கூட்டி மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தையும் கூட்டுவாள். ஏன் அதைக் கூட்டுகிறாள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அந்த இடத்தை விட்டுவிட்டு வேறெங்கே கொண்டு போவது?

அதிகாரத்தின் பிடி இங்கேதான். நமக்கு வேண்டிய ஒன்று அவர்கள் கையில் இருக்கிறது. வேண்டாதவன் விட்டுவிட்டுப் போகலாம். வேண்டும் என்கிறவன்தான் வாசலில் நிற்கிறான்.

4 நவம்பர்

திருத்தம். அண்ணன் இதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி கூப்பிட்டான். கோபம்.

ஆறு வருஷம் இல்லையாம், ஐந்து வருஷமும் நாலு மாசமுமாம். அப்படியானால் 3,200தான் வரவேண்டும். ரசீதை எடுத்துப் பார்த்தேன், 3,600 என்றே இருக்கிறது. நானூறு ரூபாய் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள், ஆறு வருஷமாக அது எனக்குத் தெரியவில்லை. அதை விடுங்கள்.

இரண்டாவதாக அவன் சொன்னதுதான் என்னை உறுத்துகிறது. "நீ செயலாளரைப் பத்தி ஒண்ணும் எழுதலையே. ஃப்ரீசர் பெட்டி யாரு கொண்டாந்தா?" கமிட்டிச் செயலாளர்தான் கொண்டுவந்தார். வள்ளியூருக்கு ஆள் அனுப்பி, வாடகையைக் கையில் இருந்து கொடுத்து, ராத்திரி முழுக்க எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மூன்று மணிக்கு அவர் வீட்டில் இருந்துதான் கட்டன் காப்பி வந்தது. சின்ன வயதில் அம்மா அவருக்குச் சோறு போட்டு வளர்த்திருக்கிறாள். அவர் அழுததை நானே பார்த்தேன். அதே மனிதர்தான் நோட்டை மடியில் வைத்திருந்தவரும். "எனக்குன்னா அடிச்சிருவேன் தாயி. நாளைக்கு இன்னொருத்தன் கேப்பான், அவனுக்கு மட்டும் எப்படின்னு."

இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். கெட்ட ஆள் ஒருத்தர் இருந்திருந்தால் எனக்கு எழுதுவது சுலபம். இருந்ததெல்லாம் நல்ல ஆள்களும் ஒரு நோட்டும்.

6 நவம்பர்

"இது கிறிஸ்தவத்தில் மட்டும் உள்ள வியாதி" என்று எழுதியவருக்கு.

நான் கல்யாணம் செய்தது 1991-ல். அவர் இந்து. களக்காட்டுப் பக்கம், மலையடிவாரத்து ஊர். சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தோம். 1954-ம் வருஷச் சட்டம் அது. முப்பது நாள் நோட்டீஸ் பலகையில் எங்கள் பெயரை ஒட்டி வைத்தார்கள், ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று. ஆட்சேபம் அந்தப் பலகைக்கு வரவில்லை, அப்பாவின் வீட்டுக்கு வந்தது. என் பெயரைச் சபைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்தார்கள். நற்கருணைக்குப் போகக் கூடாது. ஆலயத்துக்குள் வரலாம், உட்காரலாம், பாடலாம். மற்றவர்கள் எழுந்து பலிபீடத்துக்குப் போகும்போது நான் மட்டும் பெஞ்சில் இருப்பேன். அப்பா திரும்பி வரும்போது என்னைப் பார்க்காமல் நடப்பார். அவருக்கு அவமானம் என்று நினைத்தேன். அழுகையை அடக்கிக்கொண்டுதான் அப்படி நடந்தார் என்று அம்மா பின்னால் சொன்னாள்.

இந்தப் பக்கம் வீட்டுக்காரர் ஊரில் சுடலைமாடன் கோயில். கொடைக்கு வரி, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் போடுவார்கள். கல்யாணம் ஆன ஆண் ஒரு தலைக்கட்டு. நான் கிறிஸ்தவச்சி என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமியார் கையில் மஞ்சளோடு அந்த வரி நோட்டைப் புரட்டி, "இந்தா, உன் புருசன் பேரு ஏறிட்டு" என்று காட்டினாள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் அவள் விரல் மஞ்சள் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு எனக்கு ஒரு வீடு கிடைத்தது என்றே நினைத்தேன்.

2014-ல் அவர் தவறினார். அடுத்த கொடைக்கு என் வீட்டுக்கு அரை வரி. விதவை வீட்டுக்கு அரை வரிதான், இரக்கத்துக்கு வைத்த வழக்கம். நான் நர்ஸ் வேலை பார்த்தவள், முழு வரி கட்ட எனக்கு முடியும். பெரியவர்களிடம் கேட்டேன்: "முழு வரி தாறேன். கூட்டத்துல உக்காந்து பேசலாமா?" யாரும் பதில் சொல்லவில்லை. கடைசியில் ஒரு பெரியப்பா, "அது வழக்கம் இல்லம்மா" என்றார், ரொம்பத் தன்மையாக.

ஒரு நோட்டில் சிவப்பு மை, இன்னொரு நோட்டில் அரை வரி. எந்த மதம் என்பதில் என்ன இருக்கிறது?

6 நவம்பர், இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. மதத்துக்கு மேலே இருக்கிற அதிகாரத்தை நான் கண்ணால் பார்த்த ராத்திரி.

2003 ஆகஸ்டில், கோயில்களில் ஆடு கோழி வெட்டக் கூடாது என்ற 1950-ம் வருஷச் சட்டத்தைக் கறாராக நடைமுறைப்படுத்த அரசாங்கம் உத்தரவு போட்டது. வீட்டுக்காரர் ஊர்க் கொடை அதற்குப் பிறகு வந்தது. கோயில் வாசலில் ஜீப் நிற்கிறது. வில்லுப்பாட்டில் மாடன் கதை ஏறிக்கொண்டே போகிறது, மகுட மேளம் காதைப் பிளக்கிறது, சாமி வந்துவிட்டது. சாமியாடி என் வீட்டுக்காரரின் சொந்தச் சித்தப்பா, பகலில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற அமைதியான மனிதர். அவர் வல்லய ஈட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "என் படப்பு எங்கடா?" என்று பலிப் படையலைக் கேட்டார். மேளம் நின்றது. ஊர்ப் பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் போய், "அரசாங்கம் தடுத்திருக்கு சாமி. பொறுத்துக்கிடணும்" என்றார். சாமி ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் தீப்பந்தத்தை வாங்கிக்கொண்டு சுடுகாட்டு வேட்டைக்கு நடந்தது.

சட்டத்தை 2004-ல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அடுத்த கொடைக்குப் பழையபடி ஆடு விழுந்தது. எனக்கு ஆட்டை வெட்டுவது பிடிக்காது, பார்க்கவும் மாட்டேன். ஆனாலும் அந்த ராத்திரி அந்த மனிதர்களை நினைத்து நெஞ்சு அடைத்தது. அவர்களுடைய சாமியை என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று எங்கேயோ உட்கார்ந்து ஒரு கையெழுத்து முடிவு செய்தது. ஒரு வார்த்தை வந்து கேட்டிருக்கலாம்.

9 நவம்பர்

இதைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. கல்லறைத் தோட்டம் சபையின் கைக்கு எப்படி வந்தது?

சாத்தான்குளம் பக்கத்து முதலூர் எல்லோருக்கும் தெரியும். இப்போது தூத்துக்குடி மாவட்டம், அப்போது எல்லாம் திருநெல்வேலிச் சீமை. 1799-ல் உண்டான ஊர் அது. கிறிஸ்தவர்கள் ஆனதற்காகச் சொந்த ஊரில் வீட்டை இடித்து விரட்டப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கி உட்காரவைத்த முதல் ஊர், அதனால் முதலூர். அதற்குப் பிறகு பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் 1830-ல் தர்ம சங்கம் என்று ஒன்று வைத்து, பணம் திரட்டி, இப்படி நிலம் வாங்கி வாங்கி ஊர்களை உண்டாக்கினார். சமாதானபுரம், சுவிசேஷபுரம், ஆனந்தபுரம் என்றெல்லாம் நம் பக்கம் பெயர் இருக்கிறதே, அந்தப் பெயர்களில் இருக்கிற ஆசுவாசத்தைப் பாருங்கள். ஓடி வந்தவர்கள் வைத்த பெயர்கள் மாதிரியே இல்லையா?

விரட்டப்பட்டவனுக்கு முதல் தேவை குடிசை போட இடம். இரண்டாவது தேவை, செத்தால் புதைக்க இடம். ஊர்ச் சுடுகாட்டில் அவனை விடமாட்டார்கள். எங்கள் கல்லறைத் தோட்டமும் அந்தத் தேவையில் பிறந்ததாகத்தான் தாத்தா சொல்வார். அவருடைய தாத்தா காலத்தில் பனைநார் விற்ற காசைச் சேர்த்து வாங்கின நிலம். அடைக்கலமாக ஆரம்பித்த இடம். அதன் வாசலில்தான் 13,600 ரூபாய்க்கு ரசீது.

ரேனியஸ் கதையிலேயே இன்னொன்று இருக்கிறது. தன் உபதேசிமாரை (ஐயருக்குக் கீழே சபையைப் பார்த்துக்கொள்கிறவர்கள்) குருவாக்க அத்தியட்சர், அதாவது பிஷப், கைதான் வைக்க வேண்டும் என்பதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அதை அச்சிலும் எழுதினார். 1835-ல் மிஷனரிச் சங்கம் அவரை விலக்கியது. அவர் உண்டாக்கிய சபைகளில் பல அவர் பின்னாலேயே போய், சீமை இரண்டாகப் பிரிந்து நின்றது. 1838-ல் அவர் இறந்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்தவர்கள் திரும்பிச் சேர்ந்தார்கள். பட்டம் கொடுப்பது யார், கயிறு யார் கையில் என்ற சண்டை நம் மண்ணில் இருநூறு வருஷத்துச் சண்டை. நேற்றைய கமிட்டித் தேர்தலில் முளைத்தது இல்லை.

10 நவம்பர்

ஒருவர் கேட்டார்: "இவ்வளவு பட்ட பிறகும் ஏன் அங்கே போகிறீர்கள்?"

அசனத்துக்குப் போகிறேன். உண்மையாகவே. பாயில் குவித்த சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, அண்டாவுக்குப் பின்னால் வியர்வையோடு நிற்கிற ஊர்ப் பையன்கள். சங்கம் கட்டினவன், கட்டாதவன், பக்கத்து ஊர் இந்து, வேலைக்கு வந்திருக்கும் வடநாட்டுப் பிள்ளைகள், எல்லோரும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். அங்கே யாரும் நோட்டைத் திறப்பதில்லை. வயிற்றுக்குக் கேட்காத கேள்வியைச் சவத்துக்கு ஏன் கேட்கிறோம்?

13 நவம்பர்

என்னோடு வார்டில் இருபது வருஷம் வேலை பார்த்த மேலப்பாளையத்துத் தோழிக்கு இதெல்லாம் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். "நீ ஒரு பக்கம் மட்டும் எழுதுதே" என்றாள்.

அவள் மகளுக்கு வெளியூர் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். நல்ல சம்பளம், பையனும் தன்மையாகப் பேசினான். நிக்காஹ் பதிய மாப்பிள்ளை ஊர் ஜமாத்தின் கடிதம் வேண்டும் என்று இவர்கள் ஜமாத்தில் கேட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார், இந்தக் காலத்தில் எதற்கு இந்த வழக்கம், ஆதார் கார்டு போதாதா என்று இழுத்தடித்தார்கள். இவர்கள் ஜமாத் அசையவில்லை. கடைசியில் அந்த ஊருக்கே ஆள் அனுப்பி விசாரித்தால், அவனுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகி, ஒரு குழந்தையும் இருக்கிறது.

"ஆதார்ல அது எழுதியிருக்குமாளா?" என்று என்னிடம் கேட்டாள். அதே கடிதத்துக்காக நல்ல பிள்ளைகளை மாசக்கணக்கில் அலையவிட்டதும் உண்டு என்று அவளே சொன்னாள். ஆனால் தன் மகளைக் காப்பாற்றியது அந்த நோட்டுதான் என்பதில் அவளுக்கு மாற்று இல்லை.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நோட்டு என்றால் என்ன? உன்னைத் தெரிந்த நாலு பேர், நீ இன்னார்தான் என்று சொல்வது. நகரத்தில் என் அடுக்குமாடியில் நான் செத்தால் மூன்றாவது மாடிக்காரருக்கு வாட்ஸ்அப்பில் தெரியும்.

16 நவம்பர்

முதல் நாள் எழுதும்போது என் மனதில் ஒரு முடிவு தயாராக இருந்தது: ஐயர், ஆயர், கமிட்டி எல்லோரிடமிருந்தும் எடுத்து, எல்லாவற்றையும் ஊர் ஓட்டுக்கு விட்டுவிட வேண்டும். இன்றைக்கு அதை நான் எழுதமாட்டேன். காரணம் வடக்கன்குளம்.

எங்கள் ஊரில் இருந்து ரொம்பத் தூரம் இல்லை. தேவசகாயம் பிள்ளை 1745-ல் ஞானஸ்நானம் பெற்ற ஊர். 2022 மே மாதம் அவரைப் புனிதராக அறிவித்த அன்று நாங்களும் அங்கே போயிருந்தோம். அங்கே உள்ள பழைய கத்தோலிக்கக் கோயிலுக்குக் கால்சட்டைக் கோயில் என்று பெயர். இரண்டு கால் மாதிரி இரண்டு நீள மண்டபம், இரண்டும் போய்ச் சேருகிற இடத்தில் பீடம். ஒரு காலில் வெள்ளாளர், இன்னொரு காலில் நாடாரும் மற்றவர்களும். ஒரே பூசை, ஒரே சாமியார், ஆனால் ஒருத்தரை ஒருத்தர் பார்க்க முடியாது, நடுவில் தடுப்பு. உள்ளே நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தேன். பீடத்துக்கு எதிரே நின்றால்தான் அது என்னவென்று புரியும். சாதிக்காக அளவெடுத்துத் தைத்த கோயில்.

1910-ல் கௌசானல் என்ற பிரெஞ்சுக்காரச் சாமியார் அந்தத் தடுப்பை இடித்தார். ஊரைக் கேட்டு இடிக்கவில்லை. கேட்டிருந்தால் நடந்திருக்காது. வெள்ளாளர்கள் வழக்குப் போட்டு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். கோயிலுக்குள் யார் எங்கே உட்காருவது என்பதைச் சொல்ல மேலே இருந்த ஒருத்தருக்கு அதிகாரம் இருந்தது, அதனால் அந்தச் சுவர் விழுந்தது. ஓட்டுக்கு விட்டிருந்தால் இன்றைக்கும் நின்றுகொண்டிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அந்தச் சுவரை அத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டு பூசை வைத்ததும் அதே அதிகாரம்தானே? இரண்டும் உண்மை. இதை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று தெரியாமல்தான் மூன்று நாளாக எழுதாமல் இருந்தேன்.

17 நவம்பர்

இழையைத் தொடங்கியவர் கேட்கிறார்: "அப்படியானால் அதிகாரம் வேண்டும் என்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா?"

வேண்டும். மனுஷியின் சாவுக்கு முன்னால் அது தன் நோட்டை மூடிவைக்க வேண்டும். அவ்வளவுதான் இன்றைக்கு என்னால் சொல்ல முடிந்தது.

19 நவம்பர்

நிழல் தாங்கல் பற்றி எழுதச் சொல்லி ஒரு தம்பி கேட்டிருந்தார். வீட்டுக்காரர் ஊருக்குப் பக்கத்திலும் ஒன்று உண்டு. ஐயா வைகுண்டர் வழிக்காரர்கள் கும்பிடுகிற இடம். உள்ளே சிலை கிடையாது, கண்ணாடி வைத்திருப்பார்கள். ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு போய் நின்றால் தெரிவது அவர்கள் முகம். தோள்துண்டைக்கூடக் கக்கத்தில் ஒடுக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருந்த சனங்களிடம், தலையில் துணியைக் கட்டிக்கொண்டு சாமி முன்னால் நிமிர்ந்து நில் என்று ஒருத்தர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சொல்லியிருக்கிறார். அந்தக் கண்ணாடி முன்னால் நான் ஒரு தடவை நின்றிருக்கிறேன். யாரும் என்னிடம் பெயர் கேட்கவில்லை.

மீனாட்சிபுரத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். தென்காசிப் பக்கம். 1981 பிப்ரவரியில் ஏறத்தாழ 180 தலித் குடும்பங்கள் ஒன்றாக இஸ்லாத்துக்குப் போனார்கள். அப்போது எனக்குப் பதினாறு வயது. டெல்லியில் இருந்தெல்லாம் தலைவர்கள் வந்து இறங்கினார்கள், யார் பணம் கொடுத்தது என்று பேப்பரில் அலசினார்கள். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நம்ம முன்னோரைப் பத்தியும் இப்படித்தான் பேசியிருப்பாவ" என்றார். அவர் அதிகம் பேசாதவர், அதனால் நினைவில் நின்றுவிட்டது. ஒரு நோட்டில் இருந்து பெயரை எடுத்து இன்னொரு நோட்டில் எழுதிக்கொள்வது, சில பேருக்கு இருக்கிற ஒரே கதவு.

30 நவம்பர்

ஊருக்குப் போய் வந்தேன். கமிட்டிக்குக் கையால் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். என் பெயர்தான் அந்தப் பதிவேட்டில் அடிபட்டிருக்கிறதே, எழுத உனக்கு என்ன உரிமை என்று கேட்பார்கள் என்று பயந்துகொண்டே போனேன். கேட்கவில்லை. கடிதத்தில் மூன்று வரிதான்: யார் இறந்தாலும் செய்தி வந்த உடனே துக்க மணி அடிக்க வேண்டும். குழிக்கும் அடக்க ஆராதனைக்கும் பாக்கி தடையாகக் கூடாது. பாக்கியைக் கேட்பதாக இருந்தால் எட்டு நாள் கழித்து, வீட்டுக்குப் போய், உட்கார்ந்து கேட்க வேண்டும்.

செயலாளர் (அதே மனிதர்தான், இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது) இரண்டு தடவை வாசித்தார். "இதைத் தீர்மானமா போட்டா நாளைக்கு ஒரு பய சங்கம் கட்டமாட்டான். உபதேசியாருக்குச் சம்பளம் யாரு குடுப்பா?" என்றார். அது பொய்யில்லை. அந்த ஐம்பது ரூபாய்களில்தான் ஆலயத்து விளக்கு எரிகிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை, சொல்லவும் இல்லை. அந்த ரசீதைக் காட்டினேன். அந்த நானூறு ரூபாயைக் கேட்க வரவில்லை என்றும் சொன்னேன். தேதியையும் அம்மா பெயரையும் விரலால் தடவிப் பார்த்தார். "எழுத்துப் பிழையாயிட்டே" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

கமிட்டி கூடிப் பேசும் என்றார்கள்.

வெளியே வரும்போது புது உபதேசியார் மணிக்கூண்டுக்குக் கீழே நின்றிருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. கயிற்றின் நுனி தேய்ந்து பிரிந்து போயிருந்தது, அதற்குப் பழைய சேலைத்துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். கடிதத்தைப் பற்றி அவருக்கும் தெரிந்திருந்தது. "அடிக்கிற ஆளு நான்தானே ஆச்சி" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

8 டிசம்பர்

கமிட்டி கூடவில்லை. கிறிஸ்மஸ் வேலையாம்.

14 டிசம்பர், விடிகாலை 4.50

அண்ணன் இப்போதுதான் கூப்பிட்டான். தெற்குத் தெருவில் ஒரு பெரியவர், மூன்று மணிக்கு இறந்திருக்கிறார். பனையேறிப் பிழைத்தவர், மகன்கள் வெளியூரில். சங்கம் எத்தனை வருஷமாகக் கட்டவில்லை என்று யாருக்கும் கணக்கே இல்லை.

"என்னண்ணே, இந்நேரத்துல?" என்றேன். "பேசாதே, கேளு" என்று போனை வாசல் பக்கம் நீட்டினான்.

முதலில் ஒன்றும் இல்லை. தூரத்தில் ஒரு நாய். அப்புறம் ஒரு அடி. அது அடங்குகிற வரைக்கும் நான் மூச்சு விடவில்லை. அப்புறம் இன்னொரு அடி. தெருவில் யாரோ "யாருடே?" என்று கேட்பது போனில் தெளிவாகக் கேட்டது. அண்ணன் குரல் பதில் சொன்னது.

செயலாளர் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்து மணிக்கூண்டுப் பக்கம் பார்த்தாராம். உபதேசியாரை ஒன்றும் கேட்கவில்லையாம். நேராக இறந்தவர் வீட்டுக்குப் போயிருக்கிறார், நோட்டு கையில் இல்லை. இன்றைக்கு ராத்திரி கமிட்டி கூடுகிறது, உபதேசியாரைக் கேள்வி கேட்பார்கள் என்று அண்ணன் சொல்கிறான். ஐந்தரை மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். என்ன ஆனது என்று வந்து எழுதுகிறேன்.